சாயிப்பு மரத்துக்குப் பெயர் தேடி

கல்யாணமாகி நான் அமரவிளைக்கு வந்தபோது, நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முற்றத்தில் ஒரு மரம் நின்றது. அதற்குப் பெயர் கிடையாது. அந்த ஊரில் பலாவுக்கும் அயினிக்கும் பூவரசுக்கும் பெயர் உண்டு. வேலியில் தானாக முளைத்த கொடிக்குக்கூட யாராவது ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள். இதை மட்டும் எல்லோரும் சாயிப்பு மரம் என்றார்கள். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில், ரோடு வேலையை மேற்பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், ஊர்ப்பேச்சில் சாயிப்பு, இருந்தாராம். அவர் எங்கிருந்தோ தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து நட்டாராம். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். இது என்ன மரம் என்று அவரிடம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் பொழியூர்ப் பக்கத்துக்காரி. கடல் மணலில் வளர்ந்தவள். தென்னை, தாழை, புன்னை, இந்த மூன்றையும் விட்டால் எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் வேறு மரம் இருந்ததில்லை. அமரவிளையில் எந்த மரத்தைப் பார்த்தாலும் எனக்கு வேடிக்கைதான். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். என் கணவர் நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவருடைய தங்கை அங்கேயே பெண் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அண்ணன் விடாமல் படிக்க வைத்ததால் இங்கிலீஷ் வாசிப்பாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஆனால் எதையும் தீர்ப்புச் சொல்வதுபோல்தான் சொல்வாள். வந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அவளுக்கு என் பேச்சு அதிகம். எனக்கு அவள் மௌனம் அதிகம்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை வீட்டுக்காரர் வந்தார். அடுத்த விளையில், அதாவது வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோப்பில்தான் அவருடைய பெரிய வீடு. நிலம் நிறைய உள்ள சைவக் குடும்பம். அவரும் ஒரு காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்தான். முற்றத்தில் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சித்திரையில எனக்க மகளுக்குக் கல்யாணம். இந்த முற்றத்தையும் சேத்துப் பந்தல் போட்டாத்தான் ஆளுக இருக்க இடம் உண்டு. இதை முறிச்சிருவோம், கேட்டியா மக்கா. இலை பிறக்கும்போதே செத்துப் பிறக்குத மரம் கல்யாண முற்றத்துல நிக்கப்படாது."

அவர் சொன்னதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மரத்தின் கிளை நுனிகளில் வாடிப்போன இலைக் கொத்துகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். வெந்நீரை ஊற்றியதுபோல் துவண்டு, தவிட்டு நிறத்தில், உயிரில்லாமல் இருக்கும். நானும் அதுவரை ஏதோ சீக்குப் பிடித்த மரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெட்டப் போகிறார்கள் என்றதும் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றியது. ஒரு கிளை நுனியில் வேல்முனை போல நீளமான ஒரு மொட்டு இருந்தது. மறுநாள் காலையில் அந்த மொட்டு இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு குஞ்சம் தொங்கியது. அதைக் கையில் ஏந்திப் பார்த்தேன். நனைந்த பட்டுத்துணி மாதிரி வழுவழுவென்று இருந்தது. இளஞ்சிவப்பும் தவிடும் கலந்த நிறம், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வாடின இலைக்கு ஏது அந்த மினுக்கம்? அடையாளத்துக்கு அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, தினமும் பல் தேய்க்கும்போது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளில் குஞ்சம் பச்சை பிடித்தது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், மற்ற இலைகளைப் போலவே விறைப்பாக, கரும்பச்சையாக நிற்கிறது. நூல் மட்டும் இல்லாவிட்டால் எது என்னுடைய இலை என்றே தெரிந்திருக்காது.

அந்த மரத்தின் இலை செத்துப் பிறக்கவில்லை. தூங்கிக்கொண்டு பிறந்து, பிறகு எழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை அப்படியே கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் மரத்தைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், தொங்குகிற வேறு ஒரு குஞ்சத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மைனி, இது அசோகமாக்கும். அசோகத்துக்குத் தளிர் இப்படித்தான் துவண்டு தொங்கும். நான் படிச்சிருக்கேன்."

சாயங்காலம் அவளே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சீதை இருந்த மரமா என்று அவர் கேட்டாராம். ஆமாம் என்றாளாம். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். முறிக்கிற பேச்சு அன்றோடு நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மனைவி வந்து மரத்தடியில் சாணி மெழுகி ஒரு அகல்விளக்கு ஏற்றிவைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் விளக்கு வழக்கமாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஒரு நாள் இவள் அழைத்து வந்து, அசோக மரம் என்று காட்டினாள். எனக்கும் மகிழ்ச்சிதான். மரம் பிழைத்ததே.

மாசியில் என் கணவருக்கு மூட்டுவலி வந்தது. எண்ணெய் வாங்கப் பெருங்கடவிளையில் ஒரு வைத்தியர் வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் உள்ளே நாடி பார்த்துக்கொண்டிருக்க, நான் அவருடைய மருந்துத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மரம் முழுக்கப் பூத்து நின்றது. பூ காவி நிறத்தில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருந்தது. சிலது பழுத்துச் சிவந்திருந்தது. நல்ல வாசனை. அது என்ன மரம் என்று வைத்தியர் வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அசோகம், இதன் பட்டையைத்தான் பெண்களுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம் என்றார்.

தளிரைப் பார்த்தேன். துவண்டுதான் தொங்கியது. அந்த மட்டும் நாத்தனார் சொன்னது சரி. ஆனால் செம்பு நிறம், புள்ளி ஒன்றுகூட இல்லை. முற்றின இலையைப் பார்த்தேன். ஒரு காம்பில் நாலைந்து ஜோடிதான், ஒவ்வொன்றும் மாவிலை மாதிரி நீளமாக, விளிம்பு அலை அலையாக இருந்தது. எங்கள் மரத்துக்கு ஒரு காம்பில் அதைப்போல் இரண்டு மடங்கு ஜோடி உண்டு. அடியில் இருக்கிற ஜோடி குழந்தைக் கைபோலச் சின்னது. நுனிக்குப் போகப் போகப் பெரிதாகும். ஒவ்வொரு இலையின் முனையும் எலிவால் மாதிரி நீண்டிருக்கும். அந்த அம்மாளிடம் கேட்டு ஓர் இலையைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஆடிக்கொண்டு வருகிற வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மூட்டுவலிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளுக்குக் காட்டினேன். அவள் முகம் இறுகிவிட்டது.

"மைனிக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? அசோகம்னு அவரு நம்புதாரு. மரம் நிக்குது. விட்டுரணும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அசோகம் இல்லை என்று தெரிந்தால் மறுநாளே கோடாலி வந்துவிடும். நான் இரண்டு இலையையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லையாம். பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்றாள். அசோகம் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியாது என்றேன். சரி, வீட்டுக்காரருக்குத் தெரிவதற்குள் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும், பெயரோடு போய் உண்மையைச் சொல்வோம் என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி.

அதற்குப் பிறகு வந்த வாரம்தான் தேன்சிட்டுகளைக் கவனித்தேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிட்டு விர்ரென்று மரத்துக்குள் புகுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இலையைத் தவிர ஒன்றும் இல்லை. தேன்சிட்டுக்கு இலையில் என்ன வேலை? ஈரக்கையோடு போய், தாழ்ந்திருந்த கிளைகளை ஒதுக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தேன். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன்.

தலைக்கு மேலே சிவப்புச் சிவப்பாக உருண்டைகள் தலைகீழாகத் தொங்கின. செத்திப்பூவை, அதாவது வெட்சிப்பூவை, அள்ளிச் சேர்த்து ஒரு சின்னத் தேங்காய் அளவுக்குச் செண்டு கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஒன்றில் சுற்றுவட்டத்துப் பூக்கள் மட்டும் விரிந்திருந்தன, நடுவில் இன்னும் மொட்டுத்தான். இன்னொன்று முழுக்க விரிந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மெல்லிய இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கையால் ஏந்தியதும் உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாகத் தேன் விழுந்தது. நக்கிப் பார்த்தேன். நல்ல இனிப்பு. வாசனை மட்டும் இல்லை. மரம் தன் பூவை ஊருக்குத் தெரியாமல் இலைக்குள்ளே மறைத்து வைத்திருக்கிறது. இத்தனை வருஷமும் அது பூத்திருக்கும். ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தாள். அவளும் குனிந்து உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்பதுபோல் ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

திருவனந்தபுரத்தில் சர்க்கார் பொதுத்தோட்டம் இருக்கிறது, அங்கே மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு என்று அவள் சொன்னாள். சாயிப்பு அங்கிருந்துதான் தொட்டியை வாங்கி வந்திருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. என் கணவருக்கு ஏதோ கச்சேரி வேலையாக அந்தச் சனிக்கிழமை திருவனந்தபுரம் போகவேண்டியிருந்தது. எங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினோம். ஒரு மரத்துக்காகவா என்றார். ஆமாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். நாங்கள் ஒன்றாகப் பேசியதில் அவர் அசந்துபோய் ஒப்புக்கொண்டார்.

மோட்டார் பஸ் அப்போதுதான் அந்த ரோட்டில் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு பூச்செண்டையும் ஒரு கொத்து இலையையும் ஒரு துவண்ட குஞ்சத்தையும் ஈரத்துணியில் சுற்றி, தூக்குப்பாத்திரத்தில் வைத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது முதல் மோட்டார் பயணம். பயமெல்லாம் பாத்திரம் குலுங்கிப் பூ உதிர்ந்துவிடக் கூடாதே என்றுதான். பக்கத்தில் இருந்த பெண், பாத்திரத்தில் என்ன, மீனா என்று கேட்டாள். மரம் என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

தோட்டத்து வாசலில் எங்களை விட்டுவிட்டு அவர் போய்விட்டார். நாங்கள் நடந்தோம். எத்தனை மரங்கள். பொழியூர்க்காரிக்குத் தலை சுற்றியது. நாத்தனார் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். எதிரே ஒரு மரத்தில் துவண்ட தளிர்கள் தொங்கின. சிவந்த பூக்களும் தொங்கின. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அவள் பலகையை வாசித்தாள். ஆம்ஹெர்ஸ்டியா, பர்மா தேசத்து மரம்.

கிடைத்துவிட்டது என்று சொல்லி என் கையிலிருந்த தூக்குப்பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். நான் மூடியைத் திறந்து எங்கள் பூவை எடுத்தேன். எடுத்ததும் என் உற்சாகம் வடிந்துவிட்டது. பர்மாக்காரி ஒரு நீண்ட சரம், கோயில் சரவிளக்கு மாதிரி. ஒவ்வொரு பூவும் தனித்தனியே நிற்கிறது, இதழ் நுனியில் மஞ்சள் பொட்டு. எங்களுடையதோ உருண்டைச் செண்டு. அந்த மரத்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் வெளுத்திருந்தது. எங்கள் இலைக்கு இரண்டு பக்கமும் பச்சைதான். தளிரில் புள்ளியும் இல்லை.

இது இல்லை என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பூ வாடினதால் அப்படித் தெரிகிறது, இனம் ஒன்றுதான் என்று வாதாடினாள். நான் குஞ்சத்தை அந்த மரத்துத் தளிரோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அவள் இரண்டையும் தடவிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுததுதான் சரி, மைனி" என்றாள். "ஒரு தடவை அவசரப்பட்டுப் பேரு வச்சது போதும். நடங்க."

வெயில் ஏறிவிட்டது. தோட்டக்காரர் ஒருவர் எதையும் பறிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். பாத்திரத்தில் இருப்பது எங்கள் வீட்டுப் பூ என்று காட்டிய பிறகுதான் போனார். குளத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில், சின்ன இரும்பு வேலிக்குள் குடை மாதிரிக் கவிந்து ஒரு மரம் நின்றது. ஒரு பூ கூடத் தெரியவில்லை. ஆனால் ஒரு தேன்சிட்டு விர்ரென்று உள்ளே போனது.

நான் வேலிக்கு வெளியே முழங்கால் போட்டு, தலையைத் தரையோடு தாழ்த்தி மேலே பார்த்தேன். சிவப்பு உருண்டைகள். வரிசையாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் பலகையின் பக்கம் போனாள். வாசிக்க வேண்டாம், பொறு என்று தடுத்தேன். பலகை மாறிப் போயிருக்கலாம், யாராவது பிடுங்கி வேறு மரத்தடியில் நட்டிருக்கலாம், முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம் என்றேன். இலையை வைத்துப் பார்த்தோம். அடி ஜோடி சின்னது. எலிவால் முனை. இரண்டு பக்கமும் பச்சை. குஞ்சத்தை வைத்துப் பார்த்தோம். அதே தவிட்டு நிறம், அதே வெள்ளைப் புள்ளி. பூவை வைத்துப் பார்த்தோம். அங்கேயும் வெளிவட்டம் முதலில் விரிந்து நடு மொட்டாக இருந்தது. ஒவ்வொன்றும் பொருந்தியது. இனி வாசி என்றேன்.

"பிரௌனியா" என்று அவள் வாசித்தாள். கீழே இன்னொரு வார்த்தை இருந்தது. அதை எழுத்துக் கூட்டினாள். "வெனிசுவேலா."

அது எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். பூமிக்கு அந்தப் பக்கமாம். நாம் காலையில் எழுந்திருக்கும்போது அங்கே படுக்கப் போவார்களாம். அங்கேயிருந்து புறப்பட்ட ஒன்று அமரவிளையில் எங்கள் முற்றத்தில் நிற்கிறது என்பதை நினைத்து நான் அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்தேன்.

இனி வீட்டுக்காரர். நாத்தனாரே போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன். அது அசோகம் இல்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவள் நேராகச் சொன்னாள். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. விளக்கு ஏற்றி வைத்த அவர் மனைவி வாசற்படியில் வந்து நின்றார்.

"அப்பம் மரத்தை முறிக்கலாம்" என்றார் அவர்.

என்ன சொல்வதென்று யோசிக்கக்கூட இல்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன். "திருவனந்தபுரத்துல சர்க்கார் தோட்டத்துல இந்த மரத்துக்கு இரும்பு வேலி போட்டு வச்சிருக்காவ, மாமா. நாங்க பாத்துட்டு வாறோம்."

அவர் நிமிர்ந்தார். சர்க்கார் தோட்டத்திலா என்று கேட்டார். ஆமாம், அங்கே இதைப்போல் ஒன்றைத்தான் கண்டோம் என்றாள் நாத்தனார். அவர் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார். கனத்த சரீரம். முழங்காலில் கையை ஊன்றி, மூச்சு வாங்கக் குனிந்து, இலைக்குள்ளே புகுந்தார். உள்ளே கிளைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. வெளியே வரும்போது வழுக்கைத் தலையில் ஒரு சிவப்பு இதழ் ஒட்டியிருந்தது.

"மகாராஜா அந்தத் தோட்டத்துக்கு வருவாருல்லா?" என்று கேட்டார். வராமல் இருப்பாரா என்றேன். "அப்பம் இதைக் கண்டிருப்பாரு" என்றார். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். பந்தல்காரர் வந்தபோதுதான் தெரிந்தது, மரத்தை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் தனித்தனியே பந்தல் போடச் சொல்லியிருக்கிறார் என்று. அவர் மனைவி விளக்கை நிறுத்தவில்லை. எந்த ஊர் மரமானால் என்ன, விளக்குக்குத் தெரியவா போகிறது என்றார்.

கல்யாணத்துக்குள் பூக்காலம் முடிந்துவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தம். மாப்பிள்ளை வீட்டார் பாறசாலைக்காரர்கள். வந்து இறங்கியதும், பந்தலுக்கு நடுவே ஒரு மரம் நிற்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பெருமையோடு தொடங்கினார். சர்க்கார் தோட்டத்து மரம் என்பது வரைக்கும் சரியாகப் போனது. பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பிரவு, பிரவணி என்று தடுமாறினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

நாத்தனார் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் பந்தல் பக்கம் வரமாட்டாள். யாரும் சொல்லவேண்டியதில்லை, எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் ஒதுங்கி நிற்பாள்.

"டீச்சரே, இஞ்ச வாரும்" என்று அவர் உரக்கக் கூப்பிட்டார். "இவியளுக்கு மரத்துக்க பேரைச் சொல்லிக் குடும்."

அவள் அசையவில்லை. பந்தலில் இருந்த பெண்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ எனக்குத் தெரியாது. மறுபடியும், இன்னும் உரக்கக் கூப்பிட்டார். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் நடந்தாள்.

முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு பெயரை மட்டும் சொன்னாள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், இதற்குப் பூ உண்டா என்று கேட்டார். பூவைச் சொல்லத் தொடங்கியதும் அவள் குரல் உயர்ந்துவிட்டது. வெளிவட்டம் முதலில் விரிவதை, தேன் சொட்டுவதை, அசோகம் என்று தான் ஏமாந்ததை, பர்மா மரத்தடிக்கு ஓடியதை எல்லாம் சொன்னாள். ஒரு குஞ்சத்தை எடுத்து மாப்பிள்ளையின் தாயார் உள்ளங்கையில் வைத்தாள். அந்த அம்மாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பட்டு வேட்டி கட்டிய ஆண்கள், பூ தொங்கிய இடத்தைப் பார்க்க, வரிசையாகக் குனிந்து மரத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். நேரமாகிறது என்று உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

அவள் திரும்பி என்னிடம் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, பாறசாலையில அவங்க வீட்டுப் பக்கம் ரோட்டோரத்துல ஒரு மரம் நிக்குதாம். மஞ்சப் பூவாம். என்ன மரம்னு ஒருத்தருக்கும் தெரியாதாம். அடுத்த ஞாயிறு போவமா?"